செஞ்சோற்றுக் கடனும் பன்னிரண்டு மாத முன்னறிவிப்பும்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேல். விமான நிலையத் தரையில் துண்டு விரித்துப் படுத்திருந்தவர்களையும், மலைபோல் குவிந்திருந்த பெட்டிகளுக்கிடையே தம் பெட்டியைத் தேடியவர்களையும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த நாட்களில் நண்பர் ஒருவர், நிறைய வாசிப்பவர், என்னிடம் சொன்னார்: "இந்த நேரம் பார்த்து விமானிகள் வேறு வேலை தேட நினைத்தால் அது நன்றி கெட்ட செயல். சோறு போட்ட இடத்தை இக்கட்டில் விட்டுப் போகலாமா?" அவருக்கு அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் அந்த இக்கட்டு எப்படி வந்தது என்று பார்ப்போம். விமானிகளின் பணி நேரத்துக்கும் ஓய்வுக்குமான புதிய விதிகளை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் அறிவித்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்ந்தது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை என்றிருந்தது, ஆறு மணி வரை என நீண்டது. அந்த நேரத்தில் ஒரு விமானி ஆறு முறை தரையிறக்கலாம் என்றிருந்தது, இரண்டு முறை என்று சுருங்கியது. 2024 ஜூனிலேயே நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய விதிகள் இவை. நிறுவனங்கள் முறையிட்டன, தள்ளிப்போயிற்று. விமானிகள் சங்கங்கள் தில்லி உயர்நீதிமன்றத்தில் நடத்திய வழக்கின் விளைவாக 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரு கட்டங்களாக அமலுக்கு வந்தன. ஆக, ஏறத்தாழ இரண்டாண்டு அவகாசம். அதே விதிகள் மற்ற நிறுவனங்களுக்கும் பொருந்தின. அவை இப்படிச் சரியவில்லை. தன் கணிப்பும் திட்டமிடலும் பிழைத்துவிட்டதாக இண்டிகோவே ஒப்புக்கொண்டது.

இதற்கு அரசு கண்ட உடனடித் தீர்வு என்ன? இரவுப் பணி தொடர்பான விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு. அதாவது, திட்டமிடத் தவறியவருக்குக் கொடுத்த சலுகை, திட்டமிடலில் எந்தப் பங்கும் இல்லாதவரின் தூக்கத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. பின்னர் சேவைகளில் பத்து சதவீதத்தைக் குறைக்கவும் அரசு ஆணையிட்டது என்பது உண்மை. ஆனால் முதலில் கை நீண்டது விமானியின் படுக்கையை நோக்கித்தான்.

இப்போது மறுபக்கம். வேலையை விட்டு விலக விரும்பும் விமானி எத்தனை நாள் முன்பாகச் சொல்ல வேண்டும்? 2017இல் அதே இயக்குநரகம் விதித்தபடி, கேப்டன் என்றால் ஓராண்டு. துணை விமானி என்றால் ஆறு மாதம். இடையில் போக வேண்டுமானால் நிறுவனமே மனமுவந்து ஆட்சேபமின்மைச் சான்றிதழ் தர வேண்டும். விமானிகள் கூட்டாக விலகுவதால் பயணிகள் தவிக்கிறார்கள், அது பொதுநலனுக்கு எதிரானது என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். நல்லது. டிசம்பரில் பயணிகளைத் தவிக்கவிட்டவர்கள் விலகிப்போன விமானிகள் அல்லர். அவர்கள் அத்தனை பேரும் வேலையில்தான் இருந்தார்கள். பயணிக்கோ, விமானம் இல்லை என்பது விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்த பிறகே தெரிந்தது. ஒருவருக்குப் பன்னிரண்டு மாதம், மற்றவருக்குச் சில மணி நேரம். இரண்டுக்கும் பெயர் முன்னறிவிப்புத்தான்.

நன்றி பற்றிப் பேசுகிறவர்கள் 2019ஐ மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஜெட் ஏர்வேஸ் விமானிகளுக்கு அந்த ஆண்டு ஜனவரியிலிருந்தே சம்பளம் வரவில்லை. ஏப்ரல் 1 முதல் பறக்க மாட்டோம் என்று அவர்களுடைய சங்கம் அறிவித்தது. பிறகு, நிறுவனத்துக்கு இன்னுமொரு வாய்ப்புக் கொடுப்போம் என்று அந்த முடிவை ஏப்ரல் 15 வரை தள்ளிவைத்தது. ஏப்ரல் 17 இரவோடு நிறுவனத்தின் பறத்தல் நின்றது. ஐந்தரை ஆண்டுகள் மீட்புத் திட்டங்கள் இழுபட்டன. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் நிறுவனத்தைக் கலைத்துச் சொத்துகளை விற்க ஆணையிட்டது. விசுவாசமாகக் காத்திருந்தவருக்குக் கிடைத்தது கடன்காரர் வரிசையில் ஓர் இடம். 2020 ஜூலையில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி இண்டிகோ தன் ஊழியர்களில் பத்து சதவீதத்தினரை வீட்டுக்கு அனுப்பியபோது, இக்கட்டில் கைவிடலாமா என்று நிறுவனத்தைப் பார்த்து யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. வணிகக் கணக்கு என்று புரிந்துகொண்டோம். அதே கணக்கை விமானி போட்டால் மட்டும் நமக்கு அறநூல்கள் நினைவுக்கு வருகின்றன.

இலக்கியம் பேசுகிற இடத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். நண்பர் பயன்படுத்திய 'சோறு போட்ட இடம்' என்ற சொற்கள் எங்கிருந்து வந்தவை? கம்பனின் கும்பகர்ணனிடமிருந்து நாம் பெற்ற மனப்பான்மை அது. அண்ணன் செய்வது தவறு என்று தெரிந்தும், சொல்லியும், செஞ்சோற்றுக் கடனுக்காகக் களத்தில் இறங்கிச் சாகிற கும்பகர்ணனிடம் தமிழ் வாசகருக்கு உருகாமல் இருக்க முடியாது. எனக்கும்தான். ஆனால் ஒரு நாட்டின் பணிவிதிகளை அந்த உருக்கத்தின் மேல் கட்டக் கூடாது. கும்பகர்ணனைத் தூக்கத்திலிருந்து எழுப்பித்தான் களத்துக்கு அனுப்பினார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வோம். வீடணனோ விலகியதற்காகவே இன்றுவரை பழிக்கப்படுகிறான். அவன் முதலில் அவையில் எழுந்து பேசினான், கேட்பாரில்லை, போ என்றார்கள், பிறகே போனான் என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

பேசுவதற்கும் விலகுவதற்கும் உள்ள இந்த உறவைப் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: போய்விடக் கூடியவனின் பேச்சுக்கே காது கொடுக்கிறார்கள். வாசலைப் பூட்டிவிட்டு உள்ளே கருத்துச் சுதந்திரம் உண்டு என்பது கேலிக்கூத்து. உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஒன்பது பேரை இரண்டே குழுமங்கள் ஏற்றிச் சென்ற நாட்டில் அந்த வாசல் ஏற்கெனவே குறுகலானது. அதன்மேல் ஓராண்டுப் பூட்டு வேறு.

களைப்பைப் பற்றிய பேச்சு கேட்கப்படாவிட்டால் என்ன ஆகும்? 2010 மே 22 அதிகாலை. துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். பயணத்தின் பெரும்பகுதி கேப்டன் உறங்கியிருந்தார் என்பதைக் குரல் பதிவுக் கருவியில் கேட்ட குறட்டையொலியிலிருந்து விசாரணை நீதிமன்றம் அறிந்தது. மீண்டும் மேலெழும்பிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியிருக்கிறார். விபத்துக்குக் காரணம் ஒன்றல்ல, பல. ஆனாலும் இரவு நேரத் தரையிறக்கத்தை இரண்டாகக் குறைத்த விதியைச் சலுகை என்று அழைப்பவர்கள் அந்த அறிக்கையை ஒருமுறை படிக்கட்டும்.

எதிர்வாதங்களில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023இல் ஆகாசா ஏர் நிறுவனத்தின் 43 விமானிகள் முன்னறிவிப்புக் காலத்தை நிறைவு செய்யாமல் விலகினார்கள். புதிய நிறுவனம் தடுமாறி நீதிமன்றத்துக்குப் போயிற்று. திடீரென்று போகிறவர் விட்டுச்செல்லும் சுமை முதலாளியின் தோளில் மட்டும் விழுவதில்லை, உடன் பணிபுரிபவரின் வார ஓய்விலும் விழுகிறது. விமானிகளின் சம்பளம் பெரியது என்பதும் உண்மை. ஆனால் சம்பளம் செய்த வேலைக்கு. அடுத்த ஓராண்டு வாழ்வை அடகு வைத்ததற்கு அல்ல.

அமெரிக்காவில் இப்படி ஓராண்டுக் கட்டாயம் இல்லை. பூட்டு வேறு விதம். பணிமூப்பு வரிசைதான் அங்கே எல்லாம். எந்த விமானம், எந்த வழித்தடம், எப்போது விடுமுறை என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. வேறு நிறுவனத்துக்குப் போனால் இருபதாண்டு அனுபவசாலியும் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். 2022 டிசம்பரில் சவுத்வெஸ்ட் நிறுவனம் பணியாளர்களை ஒதுக்கீடு செய்யும் பழைய மென்பொருள் திணறி, சுமார் 17,000 விமானங்களை ரத்து செய்தது. விமானிகள் சங்கம் முன்பே எச்சரித்திருந்தது. ஆனால் அங்கே அடுத்த ஆண்டு அரசு 14 கோடி டாலர் தண்டம் விதித்தது. விமானியின் ஓய்வு விதியில் கை வைக்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. முன்னறிவிப்பு இருக்கட்டும், கேப்டனுக்கும் துணை விமானிக்கும் மூன்று மாதம் போதும். அரசு ஒரு நிறுவனத்துக்கு ஓய்வு விதியிலிருந்து விலக்கு அளிக்கும் காலத்தில், அந்த நிறுவனத்தின் விமானிக்கு முன்னறிவிப்பிலிருந்தும் விலக்கு வேண்டும். இப்படி ஒரு விதி இருந்திருந்தால் இரண்டாண்டு அவகாசத்தில் ஆள் சேர்க்க வேண்டும் என்று யாரும் நினைவூட்ட வேண்டியிருந்திருக்காது.

நண்பருக்கு என் பதில் இதுதான். சோறு போட்டவர்கள் என்று நீங்கள் சொல்கிறவர்கள் சோற்றுக்கு ஈடாக வேலையை வாங்கிக்கொண்டுவிட்டார்கள். அந்தக் கணக்கு ஒவ்வொரு மாத முடிவிலும் நேராகிவிடுகிறது. மிச்சக் கடன் என்று ஒன்று இருந்தால், அது பின்னால் அமர்ந்திருக்கும் நூற்றெண்பது பேருக்கு விமானி பட்ட கடன். விழித்த கண்ணோடு அவர்களைத் தரையிறக்க முடியாத இடத்தை விட்டு விலகுவதும் அந்தக் கடனை அடைக்கும் வழிகளில் ஒன்றே.