சிப்பாய்க்குப் புத்தி எதற்கு?

“பட்டாளத்துக்காரனுக்குப் புத்தி எதற்கு? மேலே இருப்பவன் சொன்னதைக் கீழே இருப்பவன் செய்ய வேண்டியதுதானே!” என்று சொல்லுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். “சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது, ஏன் என்று கேளாதே” என்கிற புரோகிதன் பேச்சுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். ஒரே ஒரு வித்தியாசம்தான் உண்டு. புரோகிதன் கையில் இருப்பது தர்ப்பைப்புல். சிப்பாய் கையில் இருப்பது துப்பாக்கி. ஆகவே ஏன் என்று கேட்கும் புத்தி சிப்பாய்க்குத்தான் அதிகமாக வேண்டும்.

இதற்கு ஜெர்மனி தேசத்தின் கதையே போதுமான அத்தாட்சியாகும். 1933ம் வருஷம் மார்ச்சு 23ந் தேதி அந்நாட்டுப் பார்லிமெண்டில் ஒரு மசோதா வந்தது. பார்லிமெண்டைக் கேளாமலே ஹிட்லர் மந்திரிசபை சட்டம் செய்து கொள்ளலாம் என்பதே அதன் சாரம். கம்யூனிஸ்டு மெம்பர்கள் சபைக்குள் வரமுடியாதபடி செய்யப்பட்டார்கள். சபைக்குள்ளேயே ஹிட்லரின் ஆட்கள் மிரட்டிக்கொண்டு நின்றார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியார் 94 பேர் மாத்திரமே. மற்றவர்கள் ஜனங்கள் கொடுத்த அதிகாரத்தைத் தங்கள் கையாலேயே தூக்கிக் கொடுத்து விட்டார்கள்.

அடுத்த வருஷம் ஆகஸ்டு 2ந் தேதி பட்டாளத்தின் முறை வந்தது. அதுவரை தேசத்தின் பேரால் செய்த சத்தியத்தை மாற்றி, ஹிட்லர் என்கிற ஒரு ஆசாமிக்கு நிபந்தனையின்றிக் கீழ்ப்படிவதாகக் கடவுள்மேல் ஆணையிட்டார்கள். பின்னால் லட்சக்கணக்கான மக்களைக் கொன்று குவித்தபோது, “ஆணையிட்டு விட்டோமே, மீறலாமா?” என்று பல தளபதிகள் சமாதானம் சொல்லிக் கொண்டார்கள். கொலைக்கு அஞ்சாதவன் சத்தியத்துக்கு அஞ்சினான் என்றால், இதைவிடக் கேவலமான மூடநம்பிக்கை வேறு உண்டா?

நிற்க. யுத்தத்தில் தோற்ற பிறகு, 1955ல் மேற்கு ஜெர்மனியில் புதிய பட்டாளம் அமைத்தவர்கள் இந்தப் பாடத்தை மறக்கவில்லை. சிப்பாய் என்பவன் “சீருடை அணிந்த பிரஜை” என்றார்கள். 1956ம் வருஷத்துச் சட்டப்படி, மனிதத் தன்மைக்கு விரோதமான உத்தரவைச் செய்ய மறுப்பது கீழ்ப்படியாமை ஆகாது. குற்றமாகிற உத்தரவுக்குக் கீழ்ப்படியவே கூடாது. சத்தியம் தேசத்துக்கும் ஜனங்களின் உரிமைக்கும் செய்யப்படுகிறது. கடவுள் பெயரை வேண்டாமென்றால் விட்டுவிடலாம். அதிகாரிகளுக்கு இவற்றைக் கற்பிக்கவே கோப்ளென்ஸ் நகரில் ஒரு பள்ளி நடக்கின்றது.

சிப்பாயைத் திருத்தினால் மாத்திரம் போதுமா? போதாது. 1933ல் முதலில் தோற்றவர்கள் சட்டசபைக்காரர்களல்லவா? ஆகவே பார்லிமெண்டுக்கென்றே ஒரு இராணுவக் கமிஷனரை ஏற்படுத்தினார்கள். எந்தச் சிப்பாயும் மேலதிகாரியைக் கேளாமல் அவருக்கு நேரே மனுப் போடலாம். அவர் முன்னறிவிப்பின்றி எந்தப் படைமுகாமிலும் நுழையலாம். கண்ட குறைகளை வருஷந்தோறும் பார்லிமெண்டில் வைக்க வேண்டும். வெளிநாட்டுச் சண்டைக்குப் படை அனுப்பப் பார்லிமெண்டின் சம்மதம் வேண்டும் என்று 1994ல் அந்நாட்டு அரசியல் சட்டக் கோர்ட்டாரும் தீர்ப்புச் சொன்னார்கள்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டதா என்று சிலர் கேட்கலாம். இல்லைதான். 2020ல்கூட, ஹிட்லர் வாடை வீசியதற்காக ஒரு விசேஷப் படையின் ஒரு கம்பெனியையே கலைக்க வேண்டி வந்தது. ஆனால் மந்திரியே அதைப் பகிரங்கமாகக் கலைத்தார், மூடி மறைக்கவில்லை. புண்ணைத் துணிபோட்டு மூடுகிறவனைவிட, திறந்து காட்டுகிறவனே பிழைப்பான்.

கணக்குப் பார்க்கத் தெரியாத முதலாளி குமாஸ்தாவுக்கு அடிமையாவான். அதுபோலவே, பட்டாளத்துச் செலவையும் வேலையையும் படித்தறியாத சட்டசபை மெம்பர், தளபதியின் மார்பில் தொங்கும் மெடல்களைக் கண்டதும் கைகட்டி நிற்பான். யோசனை சொல்வதே தன் வேலை, முடிவு செய்வது ஜனப் பிரதிநிதிகள் வேலை என்று தளபதி படிக்க வேண்டும். பட்டாளம் தன் கட்சிக்கு அடியாள் அல்ல என்று மெம்பர் படிக்க வேண்டும். இருவரையும் ஒரே பெஞ்சியில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

தோழர்களே! துப்பாக்கிக்கு வேண்டிய பணம் நம்முடையது. அதைத் தூக்குகிறவன் நம் வீட்டுப் பிள்ளை. அது யாரை நோக்கித் திரும்புகிறது என்று கேட்க நமக்கு உரிமை இல்லையென்றால், வேறு யாருக்கு இருக்கிறது?