வீடு பார்க்கப் போனால் கடைசி பஸ்ஸைக் கேளுங்கள்

போன மாதம் மகன் சென்னையிலிருந்து பேசினான். "அப்பா, வண்டலூர் – கேளம்பாக்கம் ரோட்டுல ஒரு ஃபிளாட் பார்த்திருக்கோம். பெரிய கம்யூனிட்டி. நீச்சல் குளம், ஜிம் எல்லாம் இருக்கு. நீங்களும் அம்மாவும் வந்து ஒரு தடவை பாருங்க." அதற்கு அடுத்த வாக்கியம் என்னவாக இருக்கும் என்று நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். முன்பணத்துக்குக் கொஞ்சம் குறைகிறது.

புதுச்சேரியில் எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும் நாலு வீட்டுப் பிள்ளைகள் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வாங்கும் வீட்டில் நம் பணிக்கொடையும் கொஞ்சம் செங்கல்லாகிப் போகிறது. பணம் கொடுப்பவனுக்கு வாயைத் திறக்கவும் உரிமை உண்டு என்பது என் கட்சி. பிள்ளைகள் அப்படி நினைப்பதில்லை. அது வேறு விஷயம்.

மகன் அனுப்பிய விளம்பரத் தாளைப் பார்த்தேன். தாம்பரத்துக்கு 15 நிமிடம், பழைய மகாபலிபுரம் சாலைக்கு 20 நிமிடம், விமான நிலையத்துக்கு 25 நிமிடம் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குக் காரில் போய்க் கணக்கெடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு எவ்வளவு என்று ஒருவரும் அச்சடிப்பதில்லை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். புறநகருக்கு அந்த மொழியில் 'பான்லியு' என்று பெயர். எங்கள் வாத்தியார் அதைப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார். 'பான்' என்றால் நகரத்தின் ஆணை செல்லும் எல்லை. 'லியு' என்பது பழைய தூர அளவு, ஏறக்குறைய நாலு கிலோமீட்டர், அதாவது ஒரு மனிதன் ஒரு மணி நேரத்தில் நடக்கிற தூரம். நம் பெரியவர்களும் 'நாழிகை வழி' என்றுதான் சொன்னார்கள். அங்கேயும் இங்கேயும் தூரத்தைக் காலால் அளந்து நேரத்தால் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய நானே, சொந்தமாக மனை வாங்கும்போது மறந்துவிட்டேன்.

1983-ல் வில்லியனூர்ப் பக்கம் நாலு குழி மனை வாங்கினேன். அப்போது யு.டி.சி. உத்தியோகம். நகரத்துக்குள் அதே விலைக்கு ஒன்றரைக் குழிகூடக் கிடைக்காது. கடற்கரை ஓரம் இருந்த என் அலுவலகத்திலிருந்து பதினோரு கிலோமீட்டர். சைக்கிள் மிதிக்கிற வயது. அதோடு வில்லியனூரில் ரயில் நிலையம் இருந்தது. புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் 1879-லிருந்து ரயில் ஓடுகிறது. ஸ்டேஷன் உள்ள ஊருக்குப் போக்குவரத்துக் கவலை ஏது என்று நண்பர்களிடம் பெருமை வேறு பேசினேன். அலுவலக நேரத்துக்கு ஒத்து வருகிற வண்டி உண்டா என்று கால அட்டவணையைப் புரட்டிப் பார்க்கவில்லை. நாளைக்கு ஓடிய சில வண்டிகளில் ஒன்றுகூட எங்களுக்கு ஒத்து வரவில்லை என்று குடிபோன பிறகுதான் தெரிந்தது. தவிர, மனை இருந்தது ஸ்டேஷனிலிருந்தும் மெயின் ரோட்டிலிருந்தும் இரண்டரைக் கிலோமீட்டர் உள்ளே.

என் மனைவி நகரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். மதிய ஷிஃப்ட் இரவு எட்டு மணிக்கு முடியும். எங்கள் பக்கம் உள்ளே வருகிற கடைசி டவுன் பஸ் எட்டு இருபதுக்கு. அடுத்த ஷிஃப்ட்காரி பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அது போய்விடும். பிறகு விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்து மெயின் ரோட்டில் இறங்கி நிற்பாள். ஒன்பது மணிக்கும் அவள் வரவில்லையென்றால் நான் சைக்கிளை எடுப்பேன். பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பையனை மட்டும் பாரில் துண்டைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு போவேன். அவன் வழியிலேயே தூங்கிவிடுவான். திரும்பும்போது மூன்று பேரை ஏற்ற முடியாது. அவனையும் கைப்பையையும் வைத்துத் தள்ளிக்கொண்டு இரண்டரைக் கிலோமீட்டர் நடப்போம். எட்டு மணி நேரம் வார்டில் நின்ற கால்களோடு அவளும் நடப்பாள். போன் வசதி இல்லாத காலம். எந்த இரவு அவளுக்கு பஸ் தப்பும் என்று முன்கூட்டித் தெரியாது.

1989-ல் அவளுக்கு வார்டு சிஸ்டராகப் பதவி உயர்வு வந்தது. அதுவரை காலை ஷிஃப்டைத் தோழிகளோடு மாற்றிக்கொண்டு எப்படியோ ஓட்டினாள். இனி தினமும் காலை ஏழு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும். உள்ளே வருகிற முதல் பஸ் ஆறே முக்காலுக்குத்தான். ஐந்தரைக்குக் கிளம்பி வயல் ஓரமாக இருட்டில் நடந்தால்தான் மெயின் ரோட்டில் பஸ் பிடிக்க முடியும். நான் சைக்கிளில் கொண்டுபோய் விட்டால் பிள்ளைகளை யார் பள்ளிக்குக் கிளப்புவது? இரண்டு இரவு பேசினோம். மூன்றாம் நாள், சொந்தக் காரணங்களுக்காகப் பதவி உயர்வை ஏற்க இயலவில்லை என்று கடிதம் கொடுத்தாள். அலுவலக பாஷை நமக்குத்தானே வரும்? அதை டைப் அடித்துக் கொடுத்தவன் நான். அந்தச் சொந்தக் காரணம் நான் வாங்கிய நாலு குழி மனை என்பது டைப் அடிக்கும்போது எனக்கு உறைக்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் அலுவலகத்தில் முன்பணம் வாங்கி டி.வி.எஸ். 50 எடுத்தேன். என் பிரயாணக் கஷ்டம் தீர்ந்தது. வீட்டின் கஷ்டமே தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன். ஆனால் ஏழெட்டு மாதம் கழித்து அவள் கேட்டாள்: "என்னங்க, வண்டி உங்களுக்கு வந்துடுச்சு. எனக்கு பஸ் எப்ப வரும்?" 1995-ல் அந்த வீட்டை விற்று, ரெட்டியார்பாளையத்தில் இரண்டு அறை உள்ள சின்ன வீட்டுக்கு வந்தோம். தோட்டம் இல்லை, பக்கத்துச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் வாசலில் இறங்கி நாலு நிமிடம் நடந்தால் விழுப்புரம் ரோடு, எந்நேரமும் பஸ், டெம்போ. இப்போதும் இங்கேதான் இருக்கிறோம். வயதான பிறகு மருந்துக்கடைக்கும் பென்ஷன் வேலைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய் வர முடிகிறது.

ஆகவே வீடு பார்க்கும்போது வண்டி ஓட்டுகிறவனின் கணக்கை ஒதுக்கி வையுங்கள். அந்த வீட்டில் வண்டி இல்லாதவர் யார் என்று பாருங்கள். மனைவி, கல்லூரிக்குப் போகப்போகிற பெண், வேலைக்கு வருகிற அம்மாள், பத்து வருஷம் கழித்து கண் மங்கிய நீங்களே. அவர் இரவு ஒன்பது மணிக்கு, மழையில், கையில் பையோடு திரும்புகிற வழிதான் அந்த வீட்டின் உண்மையான தூரம். போவதைவிட வருவதுதான் முக்கியம். காலையில் எல்லாருக்கும் பஸ் உண்டு.

சென்னை விஷயத்தில் இன்னொன்று. பஸ் ஸ்டாண்டு நகரும், தண்டவாளம் நகராது. நாம் வெளியூர் பஸ்ஸில் பாரிமுனையில் போய் இறங்கியவர்கள். 2002-ல் அது கோயம்பேட்டுக்குப் போனது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என்று அங்கே வீடு வாங்கியவர்கள் பலர். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தார்கள். தென் மாவட்ட வண்டிகள் அங்கே போய்விட்டன. ஆனால் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ல் தொடங்கிய மின்சார ரயில் இன்றும் அதே வழியில்தான் ஓடுகிறது. அதற்காக ரயில் என்ற பெயரைக் கேட்டதும் மயங்கவும் கூடாது; வில்லியனூரில் நான் மயங்கியது போதும். தாம்பரம் வரை அடிக்கொரு வண்டி. அதைத் தாண்டிச் செங்கல்பட்டு வரை போகிறவை குறைவு. ஒரு வண்டி தப்பினால் அடுத்தது எப்போது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

வரப்போகிற ரயிலை நம்பி வாங்குவது அதைவிட மோசம். பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு 2007-ல் வந்துவிட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு மிச்சம் ஐந்து கிலோமீட்டர். நிலம் எடுக்கும் வழக்கில் கடைசி அரைக் கிலோமீட்டர் மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்து ஜனங்கள் பதினைந்து வருஷத்துக்கு மேல் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேங்க் மட்டும் தவணைக்குக் காத்திருக்காது.

மழையைத் தனியாக விசாரிக்க வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகில் ஆட்களை மீட்டார்கள். வீட்டில் தண்ணீர் வராவிட்டாலும் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு சுரங்கப்பாதை இருந்தால் போதும், இரண்டு நாள் சிறைதான். இந்திரா காந்தி சதுக்கத்தில் ஒரு மழைக்கே என்ன நடக்கிறது என்று பார்க்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவனுக்கும் பதில்கள் இருந்தன. வாரத்தில் மூன்று நாள்தான் ஆபீஸ். மருமகளுக்கு கம்பெனி பஸ் வரும். அதே பணத்துக்கு ஸ்டேஷன் பக்கம் பழைய வீடுதான் கிடைக்கும், பேரனுக்கு விளையாட இடம் இருக்காது. கடைசியாகச் சொன்னது நியாயம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மற்ற இரண்டுக்கும் உண்டு. வீட்டுக் கடன் இருபது வருஷம். இவன் பன்னிரண்டு வருஷத்தில் நாலு கம்பெனி மாறிவிட்டான். எந்தக் கம்பெனியின் பஸ்ஸை நம்பி வீடு வாங்குவது?

வாதத்தை வளர்க்காமல் ஒன்று மட்டும் கேட்டேன். ஒரு திங்கட்கிழமை, காரை எடுக்காமல், அந்த ஃபிளாட் வாசலிலிருந்து இரண்டு பேரும் அவரவர் ஆபீசுக்குப் போய்த் திரும்ப அங்கேயே வாருங்கள். மறு திங்கள் குரோம்பேட்டையில் தரகர் காட்டிய பழைய வீட்டிலிருந்து அதே மாதிரி. சிரித்தான். ஆனால் போனார்கள்.

வண்டலூர்ப் பக்கத்து ஃபிளாட்டின் கேட்டிலிருந்து மெயின் ரோடு ஒன்றரைக் கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் தெருவிளக்கு இல்லை. கிண்டிக்குப் போகிற மகனுக்கு ஒன்றரை மணி நேரம். துரைப்பாக்கம் போகிற மருமகளுக்கு ஒன்றே முக்கால்; திரும்பும்போது இரண்டு மணி நேரத்துக்கும் மேல். குரோம்பேட்டையிலிருந்து அவன் ஸ்டேஷனுக்கு எட்டு நிமிடம் நடந்தான், ரயிலில் இருபது நிமிடத்துக்குள் கிண்டி. அவள் பல்லாவரம் போய் ரேடியல் ரோடு பஸ் பிடித்து, ஒரு மணி ஐந்து நிமிடம்.

அன்றிரவு மருமகள்தான் பேசினாள். "மாமா, அந்த விளக்கில்லாத ரோட்டுல நான் போன் டார்ச் அடிச்சுக்கிட்டே நடந்தேன். அவர் ஒண்ணுமே பேசாம கூட வந்தார். அப்புறம் திடீர்னு, அப்பா சைக்கிள்ல இப்படித்தான் அம்மாவைக் கூப்பிடப் போவோம்னு சொன்னார்." அவன் தூங்கிக்கொண்டுதான் வந்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

குரோம்பேட்டை வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. போன வாரம் போய்ப் பார்த்தோம். படிகள் முப்பத்தாறு, நடுவில் உட்கார ஒரு திண்டு. என் மனைவி அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, கீழே பஸ் போகிற சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.