தேமல்னு நீங்களே பெயர் வைக்காதீங்க!

குழந்தைக்கு உடம்பில் ஏதாவது வந்தால், டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே நாம் ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். முகத்தில் வெளுப்பா? வயிற்றில் பூச்சி. முதுகில் திட்டா? தேமல். கால் வளைந்திருக்கா? "அவங்க தாத்தாவுக்கும் அப்படித்தான்." ராத்திரி கால் வலிக்குதுன்னு அழுகிறதா? வளர்ற வலி. பெயர் வைத்ததும் நம் மனசு சமாதானமாகிவிடுகிறது. பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் இருக்காதுதான். ஆனால் இருந்துவிட்டால்?

எங்கள் குடியிருப்பில் வீட்டு வேலை செய்யும் பெண்ணின் மகள் ஆறாவது படிக்கிறாள். முழங்கைக்கு மேலே நாணயம் அளவுக்கு ஒரு வெளிர் திட்டு. மருந்துக்கடையில் கொடுத்த படர்தாமரைக் களிம்பை மாதக்கணக்கில் தடவியிருக்கிறார்கள். அரிப்பு இல்லை, வலி இல்லை, அதனால் யாரும் கவலைப்படவில்லை. அரிக்காததுதான் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று அவர்களுக்கு யார் சொல்வது? கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவக் குழு பார்த்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. தொழுநோயின் ஆரம்பம்.

"அதுதான் ஒழிஞ்சு போச்சே!" என்றார் எதிர் வீட்டு மாமி. ஒழியவில்லை மாமி. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலைக்கு வந்துவிட்டோம் என்று 2005 டிசம்பரில் நாடு எட்டிய இலக்கைத்தான் எல்லோரும் ஒழிப்பு என்று புரிந்துகொண்டார்கள். உலகத்தில் ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் நம் நாட்டில்தான். அதில் குழந்தைகளும் உண்டு.

இந்த நோய்க்கும் குழந்தைகளுக்கும் உள்ள சம்பந்தம் நம் பக்கத்திலேயே ஒரு பழைய கதை. சைதாப்பேட்டையில் தொழுநோய்க்காக சில்வர் ஜூபிலி குழந்தைகள் கிளினிக் என்று ஒன்று இருந்தது. 1955ல் மத்திய அரசு அதையும், செங்கல்பட்டு திருமணியில் இருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. குழந்தைக்கென்றே தனி கிளினிக் வைத்துப் பார்த்த ஊரில், இன்று அம்மாக்களுக்கு அந்தத் திட்டு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை.

தெரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. சுற்றியுள்ள தோலைவிட வெளுத்தோ, லேசாகச் சிவந்தோ இருக்கும். அரிக்காது. அந்த இடத்தில் வியர்வை வராமல் வறண்டிருக்கலாம். குழந்தையைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து அந்த இடத்தில் மெதுவாகத் தொட்டால், தொட்டது தெரியாது. முகத்தில் மட்டும் இந்தச் சோதனை சரியாகப் பிடிபடாது. அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும். மருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். சாப்பிட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே பிறருக்குப் பரவுவதும் நின்றுவிடும். பள்ளியை நிறுத்த வேண்டியதில்லை, தட்டு டம்ளரைத் தனியாக வைக்க வேண்டியதும் இல்லை. (பால் மாதிரி வெள்ளையாக வரும் வெண்புள்ளிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது தொற்றவே தொற்றாது. அதை வெண்குஷ்டம் என்று சொல்லக்கூடாதென்று 2010ல் தமிழக அரசு ஆணையே போட்டது. நாம்தான் இன்னும் விடவில்லை.)

கவனிக்காமல் விட்டால் தோலோடு நிற்காது. நரம்பு போய், சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல், புண் ஆழமாகி எலும்பு வரை போகும். விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாத காயத்தால்தான் போகின்றன என்பதை வேலூர் சி.எம்.சி.யில் இருந்த டாக்டர் பால் பிராண்ட்தான் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்.

"இதெல்லாம் குப்பத்துப் பிள்ளைகளுக்கு, நமக்கெதுக்கு?" என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்று. தோல் கெட்டு எலும்பு கெடுவது ஒரு விதம். தோலை வெயில் படாமல் பொத்திப் பொத்திக் காப்பாற்றியே எலும்பைக் கெடுப்பது இன்னொரு விதம். இது மாடி வீடுகளில் அதிகம். கறுத்துவிடுவாள் என்று பெண் குழந்தையை மாலை ஆறு மணிக்கு மேல்தான் எலியட்ஸ் பீச்சுக்கே கூட்டிப் போகிறோம். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யை உடம்பு செய்துகொள்வது தோலில், வெயில் பட்டால்தான். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது. விடிகாலை இளவெயிலும் போதாது. சூரியன் நன்றாக மேலே ஏற வேண்டும். தாய்ப்பாலில் இந்தச் சத்து குறைவு என்பதால், முதல் வருஷம் முழுவதும் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள் குழந்தை டாக்டர்கள். வாங்கி வைத்துவிட்டுப் பாதியில் விடும் வீடுகள் எத்தனை!

ஒன்றரை வயதாகியும் உச்சிக்குழி மூடவில்லை, பல் வரத் தாமதம், மணிக்கட்டு புடைத்திருக்கிறது, இரண்டு வயதுக்குப் பிறகும் கால் வில் மாதிரி வளைந்தே இருக்கிறது என்றால், எண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிடுவதால் நிமிராது. மணிக்கட்டுக்கு ஒரு எக்ஸ்ரே, கொஞ்சம் ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான், ரிக்கெட்ஸா இல்லையா என்று தெரிந்துவிடும். சில குழந்தைகளுக்கு வெயில் குறைவால் இல்லாமல் சிறுநீரகக் கோளாறாலும் வரும். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதித் தந்த மருந்தை நாமே வாங்கிக் கொடுப்பது ஆபத்து. அளவு மீறினால் அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வளர்ற வலி பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு காலும் ராத்திரி வலித்து, காலையில் குழந்தை குதித்து ஓடினால் பயமில்லை. ஒரே இடத்தில் வலி, வீக்கம், நொண்டல், கூடவே காய்ச்சல் என்றால் மறுநாளே டாக்டரிடம் போக வேண்டும். எலும்பில் கிருமியாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், ரத்தப் புற்றுநோயாகக்கூட இருக்கலாம்.

எனக்கு ஒரு ஆதங்கம். 2013ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத்திட்டத்தில் அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் மருத்துவக் குழு நேரில் போகிறது. தோல் நோய், ரிக்கெட்ஸ் எல்லாம் அவர்கள் பார்க்கிற பட்டியலில் உண்டு. நம் வேலைக்காரப் பெண்ணின் மகளுக்குக் கிடைக்கும் இந்தச் சோதனை, ஆயிரக்கணக்கில் பணம் கட்டிப் படிக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? பல தனியார் பள்ளிகளில் உயரம், எடை, பல், கண் பார்த்து ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்பதோடு சரி. சட்டையைக் கழற்றி முதுகைப் பார்க்கவோ, நடக்கவிட்டுக் காலைப் பார்க்கவோ ஆளில்லை.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் பெரியவர்களுக்கு வருஷா வருஷம் சர்க்கரை, பிரஷர் முகாம் நடக்கிறது. இந்தத் தடவை ஒரு தோல் டாக்டரையும் எலும்பு டாக்டரையும் கூப்பிட்டு, வீட்டுப் பிள்ளைகளோடு வேலைக்கு வருபவர்களின் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். காரியதரிசி "பார்க்கலாம்மா" என்றிருக்கிறார். உங்கள் சங்கத்திலும் கேட்டுப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, பெசன்ட் நகர், சென்னை-90