செருப்பு டோக்கனை விசிட்டிங் கார்டுல அச்சடிக்கலாமா?

டிஸ்கி: இது முழுக்க முழுக்க ஆணி சம்பந்தப்பட்ட பதிவு. எக்ஸ்எம்எல் இருக்கற திசையில தலை வச்சுக்கூடப் படுக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம்.

கோயில் வாசல்ல செருப்பு விட்டா ஒரு டோக்கன் தருவாங்க. 47-னு வச்சுக்கோங்க. நீங்க சாமி கும்பிட்டுத் திரும்பற வரைக்கும் அந்த நம்பருக்கு ஒரே ஒரு ஜோடிதான், குழப்பமே கிடையாது. அடுத்த வாரம் அதே 47 வேற யாருக்கோ போயிருக்கும். இதுல டோக்கன் மேல தப்பு இல்லை. அதை ஒருத்தர் விசிட்டிங் கார்டுல அச்சடிச்சா, அவரைத்தான் நாலு வார்த்தை கேக்கணும்.

எக்ஸ்எஸ்எல்டி-ல இருக்கற ஜெனரேட்-ஐடி அப்படிப்பட்ட டோக்கன்தான். 1999 நவம்பர்ல வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0 விதியிலேயே இது தெளிவா இருக்கு. ஒரே நோடுக்கு எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பேர், வேற நோடுக்கு வேற பேர். பேர் எழுத்துல ஆரம்பிக்கும், எழுத்தும் எண்ணும் மட்டும்தான் இருக்கும். ஆனா அடுத்த தடவை ஓட்டும்போது அதே பேர்தான் வரணும்னு கட்டாயம் இல்லை. மூல ஆவணத்துல ஏற்கனவே இருக்கற ஐடியோட மோதாதுங்கற உத்தரவாதமும் இல்லை. சாக்ஸன் ஒரு மாதிரி பேர் வைக்கும், ஸலான் வேற மாதிரி. லிப்எக்ஸ்எஸ்எல்டி-யோட பழைய பதிப்புகள் மெமரி முகவரியில இருந்து பேரைச் செஞ்சதால, ஒரே ஃபைலை ரெண்டு தடவை ஓட்டினா ரெண்டு பேர் வரலாம்.

அதுக்காக இதை மட்டமா நினைக்காதீங்க. 1.0-ல தரவைக் குழுவாப் பிரிக்கத் தனி வசதி கிடையாது. ஸ்டீவ் மியூன்ச் பேர்ல வழங்கற முறைதான் அப்ப கைகொடுத்துச்சு. கீ-யையும் ஜெனரேட்-ஐடியையும் சேர்த்து, "இந்தக் குழுவுல முதல் ஆள் நீதானா?"ன்னு கேக்கற உத்தி அது. 2007-ல வந்த 2.0 குழுப் பிரிக்கறதுக்குத் தனிக் கட்டளையே கொடுத்துடுச்சு. ஒரே ஓட்டத்துக்குள்ள பொருளடக்கத்துல இருந்து தலைப்புக்கு லிங்க் போடவும் ஜெனரேட்-ஐடி அருமையான ஆள்.

பிரச்சினை, அந்தப் பேர் வாசலைத் தாண்டி வெளிய போகும்போதுதான். நான் முன்னாடி ஆணி புடுங்கின ஒரு இடத்துல, இயந்திரம் ஓட்டறவங்களுக்கான கையேட்டை எக்ஸ்எம்எல்-ல இருந்து ஹெச்டிஎம்எல்-ஆ மாத்துவாங்க. தலைப்புகளுக்கெல்லாம் ஜெனரேட்-ஐடி. சப்போர்ட் ஆளுங்க அந்த லிங்க்கை வாடிக்கையாளர்களுக்கு மெயில்ல அனுப்பி வச்சிருந்தாங்க. புது ரிலீஸ் வந்ததும் அத்தனையும் காலி. இதுல கொடுமை, பிரவுசர் எர்ரர் காட்டாது. பேசாம பக்கத்தோட உச்சியில கொண்டு போய் விட்டுடும். அங்க அலாரம் அடிச்சிட்டிருக்கும், இங்க ஒருத்தர் பக்கத்தை உருட்டிக்கிட்டே இருப்பார். இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே ஒரு வாக்கியத்தைத் திருத்தினாலும் பழசையும் புதுசையும் ஒப்பிட்டா ஆயிரக்கணக்கான வரி மாறினதா காட்டும். நிஜமான திருத்தம் எதுன்னு யார் தேடுவாங்க? கண்ணை மூடிட்டு ஓகே பண்ணிடுவாங்க.

"அப்ப ஒண்ணு, ரெண்டுன்னு வரிசை எண் போட்டுடலாமே"ன்னு சிலர் கிளம்புவாங்க. ஃபைல் மாறாத வரைக்கும் சரி. நடுவுல ஒரு பத்தியைச் செருகினா 12 போய் 13 ஆயிடும். பழைய லிங்க் சாகாது, வேற இடத்துக்குப் போகும். என்னைக் கேட்டா, செத்த லிங்க்கை விடப் பொய் சொல்ற லிங்க் மோசம். ஓட்டும்போதெல்லாம் புது யூயூஐடி போடறதும் அதே டோக்கன்தான், கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

என் கட்சி இதுதான்: வெளிய போற பேர் மூல ஆவணத்துலயே இருக்கணும். எக்ஸ்எம்எல் ஐடி-ங்கற பண்பை 2005-லயே இதுக்காகத் தரப்படுத்திட்டாங்க. எழுதறவர் ஒரு தடவை வச்சா போதும், பத்தி எங்க நகர்ந்தாலும் பேர் கூடவே போகும். யூயூஐடிதான் வேணும்னாலும் ஒரே தடவை உருவாக்கி மூலத்துல எழுதிடுங்க. தரவுல பில் எண், ஐஎஸ்பிஎன் மாதிரி ஏதாவது இருந்தா, முன்னாடி ஒரு எழுத்தை ஒட்டி அதையே பயன்படுத்துங்க. எக்ஸ்எம்எல் பேர் இலக்கத்துல ஆரம்பிக்கக் கூடாது, அதனாலதான் அந்த ஒட்டு.

"எழுதறவங்களுக்கு இது கூடுதல் வேலையாச்சே"ம்பீங்க. ஆமாங்க, வேலைதான். ஆனா புள்ளைக்குப் பேர் வைக்கறது பெத்தவங்க பொறுப்பு. அதை போட்டோ எடுக்க வந்தவர் தலையில கட்டினா, அவர் ஒவ்வொரு போட்டோவுக்கும் ஒரு பேர்தான் வைப்பார்.

மாற்றுக் கருத்து இருக்கறவங்க பின்னூட்டத்துக்கு வாங்க, கும்மிடுவோம்.