ஏரிக்கு ஏது எல்லைக்கல்?



சிவில் படிக்கும் நாங்கள் சர்வே பிராக்டிகலில் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. எல்லை என்றால் கல் வேண்டும். ஆனால் நான் பிறந்து வளர்ந்த பழவேற்காட்டு ஏரியில், கல் நட முடியாத தண்ணீரின் மேல் ஓர் எல்லை ஓடுகிறது. அந்தக் கோடு எங்கிருந்து வந்தது? அதனால் இன்று கஷ்டப்படுவது யார்? என் மனதில் பட்டதை இந்த மலர் மூலம் உங்களிடம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

எங்கள் ஊர் பெயரைச் சொன்னாலே ஹாஸ்டல் நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "டச்சுக்காரன் கல்லறை எங்கடா இருக்கு?" எலும்புக்கூடு செதுக்கிய அந்த வாசலில் நின்று போட்டோ எடுப்பார்கள். படகில் ஒரு சுற்று, இறால் வறுவல், அப்புறம் பொன்னேரி பஸ். தவறில்லை. வரலாறும் சின்ன வரலாறு அல்ல. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் எங்கள் ஊர்தான். இங்கே நெய்த துணி கப்பலேறி கிழக்குத் தீவுகளுக்குப் போனது. துணி மட்டுமா? நம் மக்களையும் அடிமைகளாக பத்தேவியாவுக்கு ஏற்றிப் போனார்கள். போட்டோ எடுக்கும்போது அதையும் நினைக்க வேண்டாமா? கடைசியில் 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

டச்சுக்காரன் விட்டுப் போனது கல்லறை. ஆங்கிலேயன் விட்டுப் போனது கோடு. கல்லறையால் எங்களுக்குத் தொந்தரவு இல்லை. கோட்டால்தான் தொந்தரவு!

சென்னை மாகாணம் எவ்வளவு பெரியது தெரியுமா? வடக்கே கஞ்சம் முதல் தெற்கே திருநெல்வேலி வரை, மேற்கே மலபார், தென் கன்னடம் வரை. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், ஒரியா என்று அத்தனை மொழியும் ஒரே கவர்னரின் கீழ். வரி வசூலுக்காக அதை ஜில்லா ஜில்லாவாகப் பிரித்தார்கள். எங்கள் ஏரியின் தென்பகுதி செங்கற்பட்டு ஜில்லா, வடபகுதி நெல்லூர் ஜில்லா. இரண்டு கலெக்டர், ஒரே சர்க்கார். வலை போடுகிறவனுக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை.

1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. நெல்லூர் அங்கே போனது, செங்கற்பட்டு இங்கே நின்றது. அன்றைக்கு ஜில்லா எல்லை மாநில எல்லை ஆகிவிட்டது. 1960-இல் திருத்தணி இங்கே வந்தது, சத்தியவேடு பக்கம் சில கிராமங்கள் அங்கே போயின. ஏரியை மட்டும் யாரும் முழுசாக ஒரு பக்கம் சேர்க்கவில்லை. இன்று பெரும்பகுதி ஆந்திராவில், சிறுபகுதி நம்மிடம்.

மொழிவாரி மாநிலம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நம் மொழியில் படிக்கிறோம், நம் மொழியில் மனு எழுதுகிறோம் என்றால் அதனால்தான். ஆனால் மொழியைப் பிரிக்கிற கோடு மீனையும் பிரிக்குமா? மொழியையாவது சரியாகப் பிரித்ததா? ஆந்திரக் கரையில் பட்டபு என்று சொல்லப்படும் மீனவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு கலந்த ஒரு தமிழ்! என் அத்தையைக் கட்டிக் கொடுத்ததே அந்தக் கரையில்தான்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் அப்பா வெறுங்கையோடு வந்தார். எல்லை தாண்டினாய் என்று வலையைப் பிடுங்கிக்கொண்டார்களாம். "எங்க தாண்டினேன்னு எனக்கே தெரியலடா. தண்ணியில கோடா போட்டிருக்கு?" என்றார். அந்த வலைக்கு வாங்கிய கடன் அடைந்தது நான் டிப்ளமோ சேர்ந்த வருஷம். நம் பக்கத்திலும் அவர்கள் வலையைப் பிடுங்கியவர்கள் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது.

இப்போது ஏரியைப் பாருங்கள். கடலோடு சேரும் முகத்துவாரம் ஒன்று எங்கள் ஊர்ப் பக்கம். அது மணல் மூடினால் உப்புத்தண்ணீர் ஓட்டம் குறையும், இறால் குஞ்சு உள்ளே வராது. நஷ்டம் இரண்டு கரைக்கும். ஆரணி ஆறு ஆந்திர மலையில் பிறந்து நம் பக்கம் வந்து ஏரியில் சேருகிறது. காளங்கி அந்தப் பக்கம் சேருகிறது. ஒரே உடம்பு. கைக்கு ஒரு டாக்டர், காலுக்கு ஒரு டாக்டர், இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்றால் எப்படி?

சிலிக்கா ஏரியைப் பாருங்கள். அதன் தென்கோடியும் ஒரு காலத்தில் நம் சென்னை மாகாணத்துக் கஞ்சம் ஜில்லாவில்தான் இருந்தது. 1936-இல் ஒரிசா தனி மாகாணம் ஆனபோது ஏரி முழுசாக ஒரே சர்க்காரின் கீழ் வந்தது. அதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்தார்கள். 2000-இல் புது முகத்துவாரம் வெட்டினார்கள். மீன்வளம் திரும்பியது, 2002-இல் ராம்சார் விருதும் வந்தது. இந்தியாவின் முதல் பெரிய உப்பங்கழிக்கு முடிந்தது இரண்டாவதற்கு ஏன் முடியாது?

ஆகவே என் கருத்து இதுதான். மாநில எல்லை இருக்கட்டும், அதை மாற்ற வேண்டாம். ஏரிக்கு மட்டும் இரு மாநிலமும் சேர்ந்த ஒரே ஆணையம் வேண்டும். முகத்துவாரம் தூர் வாருவது, மீன்பிடிக் காலம், வலைக்கண் அளவு எல்லாம் ஒரே கூட்டத்தில் முடிவாக வேண்டும். இது எங்கள் பெரியவர்களுக்குப் புதிதல்ல. சீட்டுப் போட்டு, யார் எந்த இடத்தில் என்று முறை வைத்து வலை கட்டும் 'பாடு' முறை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அதிலும் குறை உண்டு. பாட்டில் உரிமை சில குப்பங்களுக்குத்தான், கையால் இறால் தடவும் இருளர் மக்களுக்கு இடமில்லை. புது ஆணையத்தில் அவர்களும் உட்கார வேண்டும்.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் பொதுப்பணித் துறையில் ஓவர்சியர் ஆகலாம், சிலர் சர்வேயர் ஆகலாம். உங்கள் மேசைக்கு ஒரு வரைபடம் வரும். அதில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறதா, தண்ணீருக்குள் ஒருத்தன் வலையோடு நிற்கிறானா என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அது போதும்.