எலுமிச்சம்பழமா? எதிர்த்துக் கேட்கும் வாயா?

ஆகாய விமானம் எங்காவது விழுந்து நூற்றுக்கணக்கான மக்கள் கருகிப் போனால், நம்மில் படித்தவர்கள் என்பவர்கள்கூட "அவர்கள் தலையெழுத்து, ஆண்டவன் சித்தம்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். தலையில் எழுதினவன் கையெழுத்தைப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் விமானிகளின் பேச்சைப் பதிவு செய்யும் கருவி ஒன்று விமானத்தில் உண்டு. விமானம் விழுந்த பிறகும் அது பேசுகிறது. அது சொல்லும் சங்கதியைக் கேட்டால் சித்திரகுப்தனுக்கு வேலையே இல்லை.

1977ஆம் வருஷம் மார்ச்சு 27ந் தேதி, ஸ்பெயின் தேசத்தைச் சேர்ந்த டெனரீப் தீவில், மூடுபனிக்குள் இரண்டு பெரிய போயிங் விமானங்கள் ஒரே ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டார்கள். இயந்திரங்களில் கோளாறில்லை. மோதிய டச்சு விமானத்தின் கேப்டன் சாமானியருமல்ல. தம் கம்பெனி விமானிகளுக்கே பாடம் சொல்லும் பெரிய ஆசான். உத்தரவு வருமுன் அவர் ஒரு தரம் இயந்திரத்தை முடுக்கினார். "இன்னும் அனுமதி வரவில்லையே" என்று துணை விமானி தடுத்தார். அனுமதியில்லாமலே இரண்டாந்தரம் முடுக்கியபோது தடுக்கவில்லை. ஏன்? இரண்டு மாதத்துக்கு முன் அந்தத் துணை விமானிக்குப் பரீட்சை வைத்துத் தகுதி கொடுத்தவரே இந்தக் கேப்டன்தான்! பின்னாலிருந்த இன்ஜினீயர் மட்டும், எதிரிலுள்ள விமானம் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டதென்று கேப்டன் அடித்துச் சொன்னார். குரு சொன்ன பிறகு சிஷ்யன் வாய் திறக்கலாமா? திறக்கவில்லை. அந்த விமானத்திலிருந்த 248 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

நம் பக்கத்து மங்களூரில் 2010 மே 22ந் தேதி நடந்ததென்ன? வழியில் வெகுநேரம் தூங்கிவிட்ட கேப்டன், இறங்க வேண்டிய உயரத்துக்கு மிக மேலே வந்துவிட்டார். "இறங்காதீர்கள், மறுபடியும் மேலே போங்கள்" என்று துணை விமானி மூன்று தரம் சொன்னார். சொல்ல ஆளிருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. 158 பேர் போனார்கள்.

இப்படிப்பட்ட சாவுகளை ஆராய்ந்துதான் மேல்நாட்டார் மனிதக் காரணிப் பயிற்சி என்ற ஒன்றை உண்டாக்கினார்கள். 1979இல் அமெரிக்க நாசா இதற்காகக் கூட்டம் போட்டது. 1981இல் யுனைடெட் கம்பெனி தன் விமானிகளுக்கு இதை ஆரம்பித்தது. தூக்கம், களைப்பு, அவசரம், பயம் ஆகியவை மனிதன் புத்தியை எப்படிக் கெடுக்கின்றன என்பதும், கீழுள்ளவன் சந்தேகத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், மேலுள்ளவன் அதைக் கேட்க வேண்டும் என்பதுமே அதன் பாடம். இன்று மெக்கானிக்குகள், கோபுரத்திலிருந்து வழி சொல்பவர்கள் முதலியோருக்கும் இது உண்டு. பலன் என்ன? 1989 ஜூலை 19ந் தேதி, அதே கம்பெனியின் விமானமொன்று திருப்பும் சக்தி முழுவதையும் ஆகாயத்திலேயே இழந்தது. அதன் கேப்டன் "நான் பெரியவன்" என்று உட்காரவில்லை. பிரயாணியாக வந்த இன்னொரு விமானியையும் கூப்பிட்டுக்கொண்டு நாலு பேர் மூளையாலும் அதை சூ நகரில் இறக்கினார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சி ஒரு பெரிய காரணமென்று அவரே சொன்னார்.

நமக்கோ எலுமிச்சம்பழம்! 2019 அக்டோபரில் நமது பாதுகாப்பு மந்திரி பிரான்சு தேசத்துக்கே போய், ரபேல் விமானத்தின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பாகிஸ்தான் மாத்திரம் என்ன வாழ்ந்தது? 2016 டிசம்பரில் 47 பேர் செத்த விபத்துக்குப் பிறகு, விமானக் கம்பெனி சிப்பந்திகள் இஸ்லாமாபாத்தில் விமானத்துக்குப் பக்கத்திலேயே கறுப்பு ஆடு அறுத்தார்கள். விசாரணையிலோ, மாற்றியிருக்க வேண்டிய டர்பைன் பிளேடு மாற்றப்படாமல் முறிந்தது தெரிய வந்தது. ஆடு என்ன ஸ்பானரா பிடிக்கும்?

கீழுள்ளவன் பேசினால் கட்டுப்பாடு கெடும் என்பார்கள் சிலர். யாரும் விமானத்தில் ஓட்டெடுக்கச் சொல்லவில்லை. முடிவு கேப்டனுடையதே, ஆனால் அவர் காதுக்கு உண்மை போய்ச் சேர வேண்டாமா? பெரியவர் முன் பேசாதே, குருவை மறுக்காதே என்று தொட்டிலிலிருந்தே பழக்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி இரட்டிப்பாக வேண்டும்.

அதையும் நம்மவர் திவசமாக்கிவிடக் கூடாது. வருஷத்துக்கொரு நாள் உட்கார வைத்து, கையெழுத்து வாங்கி, சாப்பாடு போட்டு அனுப்பினால் அது திவசமேயொழியப் பயிற்சியல்ல. மேலதிகாரியைத் தடுத்துச் சொன்ன சிப்பந்திக்கு மறுநாள் கிடைத்தது மெமோவா, பாராட்டா என்பதைக் கம்பெனிகள் வருஷந்தோறும் அச்சிட்டு, டிக்கட்டு வாங்கும் பொதுஜனங்களுக்குச் சொல்லட்டும்.