நின்று போன இருதயம் சொல்லும் ரகசியம்! வெட்டாமலே உள்ளே பார்க்கும் அதிசய எக்ஸ்ரே

ஓடாத கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தால், அது ஏன் நின்றது என்று தெரிந்துவிடும். நின்று போன இருதயத்தை வெட்டிப் பார்த்தால், அது ஏன் நின்றது என்று முழுவதும் தெரிந்துவிடுமா?

தெரியாது. வெட்டும்போதே இருதயத்தின் உள் அமைப்பு கலைந்துவிடுகிறது. எந்தத் தசை எதனோடு பின்னி இருந்தது, எந்த ரத்தக் குழாய் எங்கே வளைந்து சென்றது என்பதெல்லாம் துண்டு துண்டாகப் போய்விடுகிறது.

வெட்டாமலே உள்ளே பார்த்தால்?

அதைத்தான் செய்து காட்டினார்கள், பிரான்சு நாட்டிலும் இங்கிலாந்திலும் உள்ள விஞ்ஞானிகள். இறந்து போன இருவரின் இருதயங்களை, கத்தி படாமல், முழுதாக வைத்துப் படம் பிடித்தார்கள்.

ஒன்று, 63 வயது ஆண் ஒருவரின் இருதயம். அதில் நோய் இல்லை.

மற்றொன்று, 87 வயது மூதாட்டியின் இருதயம். அவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. இருதயத்துக்குப் போதிய ரத்தம் செல்லாத நோயும் இருந்தது. போதாததற்கு, துடிப்பு ஒழுங்கு தவறும் கோளாறும் இருந்தது.

இந்த ஆராய்ச்சியின் முடிவு 2024-ம் ஆண்டில் வெளிவந்தது.

ஏன் இந்தப் பாடு?

மனிதனைக் கொல்லும் நோய்களில் முதல் இடம் இருதய நோய்க்கும் ரத்தக் குழாய் நோய்க்கும்தான். 2019-ம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 79 லட்சம் பேர் இந்த நோய்களால் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அந்த ஆண்டில் இறந்த 100 பேரில் 32 பேர் இவர்கள்!

இருதயம் ஒரு நாளில் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. துடிக்கும்படி அதற்கு உத்தரவு போடுவது யார்?

மூளை அல்ல. இருதயத்துக்கு உள்ளேயே ஒரு சிறு மின்சார நிலையம் இருக்கிறது. வலது மேல் அறையின் சுவரில் அது ஒளிந்து இருக்கிறது. அங்கே பிறக்கும் மின்சாரம், மெல்லிய பாதை வழியாகக் கீழ் அறைகளுக்கு ஓடுகிறது. உடனே தசை சுருங்குகிறது. ரத்தம் பீச்சி அடிக்கப்படுகிறது.

இந்தப் பாதை கம்பி போலத் தனியாகத் தெரிவது இல்லை. அதுவும் ஒரு வகைத் தசைதான். மற்ற தசைகளுக்கு நடுவே, அவற்றைப் போலவே இருக்கும். அதனால்தான் அதைக் கண்டுபிடிக்கப் பல காலம் ஆயிற்று.

ஜப்பானியரின் பொறுமை

1906-ம் ஆண்டில் சுனாவோ தவாரா என்ற ஜப்பான் நாட்டு டாக்டர், ஜெர்மனியில் மார்பர்க் நகரில் இருந்து இந்தப் பாதையின் பெரும் பகுதியைக் கண்டு சொன்னார். இருதயத்தை மெல்லிய சீவல்களாக அறுத்து, ஒவ்வொரு சீவலையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் மனதிலேயே மறுபடியும் ஒட்டிச் சேர்த்தார். எவ்வளவு பொறுமை வேண்டும்!

மறு ஆண்டு, 1907-ல், இங்கிலாந்தைச் சேர்ந்த ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் ஆகிய இருவர், துடிப்புப் பிறக்கும் இடத்தைப் பற்றி எழுதினார்கள்.

பாதை எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் என்ன ஆகிவிடும்?

அதற்கு ஒரு சம்பவம் உண்டு. 1954-ம் ஆண்டு முதல் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் வால்டன் லில்லஹை என்ற டாக்டர், குழந்தைகளின் இருதயத்தில் இருந்த ஓட்டைகளைத் தைத்து மூடினார். ஓட்டை மூடிவிடும். ஆனால் சில குழந்தைகளுக்கு, தையல் ஊசி அந்த மின்சாரப் பாதையில் பட்டுவிட்டது. உத்தரவு கீழே போகவில்லை. துடிப்பு தடைப்பட்டது.

அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றத்தான் 1957-ம் ஆண்டில் ஏர்ல் பாக்கன் என்ற என்ஜினீயர், பாட்டரியில் ஓடும் சிறிய துடிப்பு எந்திரத்தைச் செய்து கொடுத்தார்.

ஆகவே, இருதயத்தின் உள்ளே எது எங்கே இருக்கிறது என்பது வெறும் பாடப் புத்தகச் செய்தி அல்ல. ஒரு மில்லி மீட்டர் தவறினாலும் உயிருக்கு ஆபத்து!

ராட்சத வளையம்

பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் கிரனோபிள் என்ற நகரம் இருக்கிறது. அங்கே இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில், மிகப் பெரிய வளையம் ஒன்று அமைந்து இருக்கிறது. அதன் சுற்றளவு 844 மீட்டர். ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து அதைக் கட்டின.

அந்த வளையத்துக்குள் எலெக்ட்ரான் என்னும் மின் துகள்கள் ஓடுகின்றன. எவ்வளவு வேகம் தெரியுமா? ஒரு வினாடிக்குள் மூன்றரை லட்சம் தடவைக்கு மேல் வளையத்தைச் சுற்றி வந்துவிடும்! அப்படிச் சுற்றும்போது, காந்தங்கள் அவற்றை வளைத்துத் திருப்புகின்றன. திரும்பும் இடத்தில் மிகப் பிரகாசமான எக்ஸ்ரே கதிர் வெளியே வருகிறது.

இந்த வளையத்தை 15 கோடி யூரோ செலவில் புதுப்பித்து, 2020-ம் ஆண்டில் மறுபடியும் திறந்தார்கள். இதில் பிறக்கும் கதிரின் பிரகாசம், ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயைவிட மிக மிக அதிகம்.

கொரோனா நோய் உலகை ஆட்டிய நேரம் அது. நோயாளிகளின் நுரையீரலில் என்ன நடக்கிறது என்று பார்க்க, ஜெர்மன் நாட்டு டாக்டர்கள் டேனி யோனிக், மாக்சிமிலியன் ஆக்கர்மன் ஆகியோர் துடித்தார்கள். கிரனோபிளில் பால் டாபரோ என்ற விஞ்ஞானி இருந்தார். அவர் கல்லாகிப் போன பழங்கால எலும்புகளை இந்தக் கதிரால் படம் பிடித்து வந்தவர். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த பீட்டர் லீ, கிளேர் வால்ஷ் ஆகியோரும் சேர்ந்தார்கள்.

எலும்பைப் பார்த்த கதிர், மென்மையான சதையையும் பார்க்குமா? பார்த்தது. அந்த முறையை 2021-ம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார்கள். நுரையீரலுக்குப் பிறகு, இருதயத்தின் முறை வந்தது.

தொட்டியில் தெரியும் கோடு

சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத் தெரிகிறது. சதை தெரிவது இல்லை. காரணம், எலும்பு கதிரைத் தடுக்கிறது. சதை, கதிரை அப்படியே விட்டுவிடுகிறது. எல்லாச் சதையும் ஒரே மாதிரி விட்டுவிட்டால், எதை எதிலிருந்து பிரித்துப் பார்ப்பது?

இதற்கு விடை, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது.

நல்ல வெயிலில் தொட்டித் தண்ணீரைக் கையால் அசைத்துப் பாருங்கள். தண்ணீர் தெளிந்ததுதான். அது வெளிச்சத்தைத் தடுப்பது இல்லை. ஆனாலும் தொட்டியின் அடியில் வெளிச்சக் கோடுகளும் இருட்டுக் கோடுகளும் நெளிந்து ஓடும். அலை, வெளிச்சத்தைச் சிறிது வளைத்துவிடுகிறது. அந்த வளைவுதான் கோடாகத் தெரிகிறது.

எக்ஸ்ரே கதிரும் அப்படியே! தசையிலிருந்து கொழுப்புக்கு, கொழுப்பிலிருந்து ரத்தக் குழாய்க்குப் போகும் எல்லையில் அது மிக மிகச் சிறிதளவு வளைகிறது. கிரனோபிளில் அந்த வளைவையே படமாகப் பிடிக்கிறார்கள்.

இருதயத்தைச் சாராயக் கரைசலில் ஊறவைத்து, காற்றுக் குமிழிகளை வெளியேற்றுகிறார்கள். பிறகு ஒரு ஜாடியில் வைத்து, அசையாமல் இருக்கக் கடல்பாசிக் கூழால் சுற்றி அடைக்கிறார்கள். ஜாடி மெதுவாகச் சுழல்கிறது. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் படம் எடுக்கப்படுகிறது. ஆயிரக்கணக்கான படங்களைக் கம்ப்யூட்டர் ஒன்று சேர்த்து, நீளம், அகலம், ஆழம் மூன்றும் உள்ள உருவத்தைக் கட்டிவிடுகிறது. தவாரா மனதில் செய்த வேலையை, இங்கே எந்திரம் செய்கிறது!

ஒரு மில்லி மீட்டரை 50 பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு நுணுக்கமாக முழு இருதயமும் தெரிகிறது. வேண்டிய இடத்தில் இன்னும் நெருங்கிப் போகலாம். அங்கே ஒரு மில்லி மீட்டரின் 500-ல் ஒரு பங்கு வரை தெரியும். ரத்தத்தின் சிவப்பு அணு ஒன்று, இதைவிடப் பெரியது!

ஒரு இருதயத்தின் படம் மட்டும் சுமார் 10,000 ஜிகாபைட் இடம் பிடிக்கிறது. 128 ஜிகாபைட் கொள்ளும் கைபேசிகள் ஏறக்குறைய 80 வேண்டும், அதை வைக்க.

என்ன தெரிந்தது?

இருதயத்தின் சுவர், வால்வு, ரத்தக் குழாய், கொழுப்பு, மின்சாரப் பாதை எல்லாம் ஒரே படத்தில், அதது இருக்க வேண்டிய இடத்தில் தெரிந்தன. எந்த இடத்தில் சுவர் எவ்வளவு தடிப்பு, வெளிப்புறத்தில் கொழுப்பு எவ்வளவு படிந்து இருக்கிறது என்று அளக்க முடிந்தது.

இதனால் நோயாளிக்கு என்ன லாபம்?

துடிப்பு ஒழுங்கு தவறுபவர்களுக்கு இன்று ஒரு சிகிச்சை செய்கிறார்கள். மெல்லிய குழாயை ரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்குள் செலுத்தி, தவறான மின்சாரம் ஓடும் இடத்தைச் சூடுபடுத்தி அணைக்கிறார்கள். சுவர் எங்கே மெல்லியது, கொழுப்பு எங்கே தடிப்பு என்று முன்னதாகத் தெரிந்தால், சூடு சரியான இடத்தில் விழும். குழந்தை இருதயத்தைத் தைக்கும் டாக்டருக்கும் இப்படிப்பட்ட படம் நல்ல வழிகாட்டி ஆகும்.

ஆனால் அவசரம் கூடாது!

இந்தப் படத்தை ஆஸ்பத்திரியில் போய்க் கேட்க முடியாது. உயிர் உள்ள மனிதன் மீது இவ்வளவு கதிரைப் பாய்ச்சினால், அதுவே அவனைக் கொன்றுவிடும். இது இறந்தவர் உறுப்புக்கு மட்டும்தான். நெஞ்சு வலி என்று வருகிறவருக்கு, இப்போது உள்ள சோதனைகள்தான் வழி.

இன்னொரு சந்தேகமும் உண்டு. நோயில்லாத இருதயம் 63 வயது ஆணுடையது. நோயுற்றது 87 வயதுப் பெண்ணுடையது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் நோயா? வயதா? ஆண், பெண் என்ற வேறுபாடா? இரண்டே இரண்டு இருதயங்களை வைத்துக்கொண்டு யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பல வயதினர், பல நாட்டினர், பல நோயாளிகளின் இருதயங்கள் வேண்டும். அதுவரை இது வரைபடமே தவிர, மருந்து அல்ல.

ஆயினும் வரைபடம் சின்னக் காரியமா? ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-ல். ஹவுன்ஸ்பீல்டு செய்த சி.டி. எந்திரம் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது 1971-ல். இடையே 76 ஆண்டுகள்! இன்று சி.டி. இல்லாத பெரிய ஆஸ்பத்திரி உண்டா? கிரனோபிள் படங்களைக் காட்டி, ஆஸ்பத்திரி சி.டி. படத்திலிருந்தே அதிக விவரம் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லித்தரும் முயற்சியும் நடைபெறுகிறது. அது பலித்தால், கதிர் அதிகம் படாமலே நோயாளிக்குப் பலன் கிடைக்கும்.

படங்களை விஞ்ஞானிகள் பூட்டி வைக்கவில்லை. உலகில் எந்த மூலையில் உள்ள டாக்டரும் மாணவரும் இன்டர்நெட்டில் இலவசமாகப் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் மூலதனம், 844 மீட்டர் வளையம் மட்டும் அல்ல. சாகும் முன்பே, "என் உடலை ஆராய்ச்சிக்குக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களும்தான். அவர்கள் பெயரை உலகம் அறியாது. அவர்கள் இருதயம் துடிக்கவும் இல்லை. ஆனாலும் பல ஆயிரம் இருதயங்கள் தொடர்ந்து துடிக்க அது உதவப் போகிறது.